பனிக்காலத்துக்கு வடாம்

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வடாம் பிழிகிறோமே, அப்போது யாருக்காவது வடாம் மேல் ஆசை இருக்கிறதா? இல்லை. ஐப்பசி அடைமழையில், கடைக்குப் போக முடியாத ஒரு நாளில், அது எண்ணெயில் பொரியும்போதுதான் காக்கை விரட்டியதன் அருமை தெரிகிறது. இந்தச் சின்ன விஷயம் ஒரு தொழிலுக்கும் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள நான் டொரான்டோ வரை போக வேண்டியிருந்தது, வாசகிகளே!

கனடாவில் இருக்கும் அந்த நகரத்தின் கிழக்குப் பகுதிக்கு ஸ்கார்பரோ என்று பெயர். தமிழர்கள் நிறைய வாழும் இடம். என் அக்காள் பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேதான் குடித்தனம் செய்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தத் தொழில். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடையில் ஸ்கூட்டரையும் காரையும் தண்ணீரைப் பீச்சிக் கழுவுகிறார்கள் அல்லவா? அதே மாதிரி யந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். கார் நிறுத்தும் சிமெண்டுத் தரை, தோட்டத்து மரத் தளம், வீட்டின் வெளிச்சுவர் எல்லாவற்றையும் பாசி போகக் கழுவித் தருகிறார். மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை நிற்க நேரமில்லை. நவம்பர் வந்தால் உட்கார வேண்டியதுதான்.

ஏன் என்கிறீர்களா? தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடிவிடுகிறது. பம்புக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கி உறைந்தால் போதும், உலோகமே விரிசல் விட்டுவிடும். அதனால் குளிர் வருமுன் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத திரவம் ஒன்றை உள்ளே செலுத்தி யந்திரத்தைத் தூங்கப் பண்ணுகிறார்கள். அப்படியே பம்பு பிழைத்தாலும், கழுவிய தரை கண்ணாடியாய் உறைந்து, வீட்டுக்காரர் வழுக்கி விழுவாரே! அந்த வம்பு எதற்கு?

இரண்டு வருஷத்துக்கு முன் ஆவணியில் நான் அங்கே போயிருந்தேன். புரட்டாசி முடிகிற சமயம், ஒரு மாலை. மாப்பிள்ளை யந்திரத்தை விற்க விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சரக்குக் கிடங்கில் ராத்திரி வேலைக்கும் மனுப் போட்டாயிற்று. அக்காள் பெண் வாய் திறக்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே நாலு தரம் களைகிறாள் என்றால் மனசு சரியில்லை என்று நமக்குத் தெரியாதா?

“போன குளிர்காலத்தில் இருந்த பணத்தையெல்லாம் வீட்டுக் கடன் தவணைக்குக் கட்டினோம், சித்தி. மளிகை முழுவதும் கிரெடிட் கார்டில். அந்த வட்டியை அடைக்கவே கோடை பாதி போய்விட்டது. இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது” என்றாள்.

எனக்கு அந்த ஊர் வியாபாரம் என்ன தெரியும்? ஆனால் ஒரு கேள்வி தோன்றியது. “கோடையில் யார் யார் வீட்டுக்கு வேலை செய்தீர்கள்? கணக்கு இருக்கிறதா?”

ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். 63 பெயர்கள். விலாசம், டெலிபோன் நம்பர், வாங்கிய தொகை, எல்லாம் அவள் கையெழுத்தில்.

“இந்த 63 வீட்டுக்கும் குளிர்காலத்தில் ஒன்றுமே வேண்டியிராதா? யந்திரத்தைக் கேட்டால் ‘எனக்கு வேலையில்லை’ என்றுதான் சொல்லும். வீடுகளையல்லவா கேட்க வேண்டும்?” என்றேன்.

“நாமாகப் போன் பண்ணினால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்குமே, சித்தி.”

இந்தக் கூச்சம் நம் பெண்களுக்கெல்லாம் பொது. பண்டம் நயமாக இருக்கும்; விலை சொல்ல நாக்கு எழாது. ஆனால் கோடையில் நன்றாக வேலை செய்து கொடுத்தவரின் வீட்டிலிருந்து “வேறு ஏதாவது உண்டா?” என்று கேட்பது பிச்சை ஆகுமா? விசாரிப்பு அல்லவா!

மறுநாள் காலை போனை எடுத்தாள். முதல் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். நாலாவது, தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாள். அங்கே கூரை ஓரத்தில் மழைநீர் ஓடத் தகரக் கால்வாய் வைத்திருக்கிறார்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் மேப்பிள் இலைகள் கொட்டி அதை அடைத்துவிடும். அடைத்த இடத்தில் தண்ணீர் நின்று உறைந்தால் கனத்தில் தகரம் தொங்கிப்போகும். “ஏணி ஏற என்னால் முடியாது. உங்கள் வீட்டுக்காரர் வருவாரா?” என்று அந்த அம்மாளே கேட்டாள். அன்றைக்கே இன்னும் இரண்டு வீடுகள் அதே வேலைக்கு ஒப்புக்கொண்டன.

இலை வாரப் போன இடத்தில் அடுத்த வேலை கிடைத்தது. கிறிஸ்துமஸ் வருகிறதே! கூரை விளிம்பில் வண்ண விளக்குச் சரம் கட்டவும் ஏணியும் ஆளும் வேண்டும். நவம்பரில் கட்டுவதற்கு ஒரு கூலி, ஜனவரியில் அவிழ்ப்பதற்கு ஒரு கூலி. அவிழ்த்த சரங்களை வீட்டுக்கு ஒரு பெட்டியாகப் பெயர் எழுதி வைத்துக் கொடுத்தால், அடுத்த வருஷமும் அந்த வேலை நம்முடையதுதான்.

எல்லா வேலையையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பனி வாரும் வேலைக்கு நிறைய பேர் கூப்பிட்டார்கள். விசாரித்துப் பார்த்தார்கள். பனி வாரிய இடத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தால், ஒப்பந்தம் எடுத்தவர் மேலேயும் வழக்கு வரலாம். அடிபட்டவர் 60 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அந்த மாகாணத்தில் 2021 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. ஆனாலும் பயம் பயம்தானே! இதற்குத் தனி இன்ஷூரன்ஸ் வேண்டும். பிரீமியத்தைக் கட்டினால் கையில் மிஞ்சுவது சொற்பம் என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டார்கள். எதை வேண்டாம் என்பது என்று தெரிவதும் சாமர்த்தியம்தான்.

நல்ல யோசனை ஒன்று கொத்து ரொட்டிக் கடையில் கிடைத்தது! பார்சலுக்குக் காத்திருந்தபோது என் அக்காள் பெண் மேலே பார்த்தாள். நம் வீட்டுச் சமையலறையில் சிம்னி என்கிறோமே, அதுவே ஹோட்டலில் பெரிய கூண்டாகவும் குழாயாகவும் இருக்கும். அதற்குள் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் தீப்பிடிக்கும் அபாயம். வட அமெரிக்காவில் இதற்கென்றே விதித்தொகுப்பு உண்டு. கரியோ விறகோ எரிக்கும் அடுப்பானால் மாதம் ஒரு தடவை, ஓயாமல் சமைக்கும் இடமானால் 3 மாதத்துக்கு ஒரு தடவை, நடுத்தரமானால் 6 மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதித்து, பிசுக்கு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலை உள்ளே நடப்பது. கடை மூடிய பிறகு ராத்திரியில், வெந்நீர் பீச்சிச் செய்வது. பனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! ஆனால் கற்காமல் கை வைக்கிற வேலை இல்லை இது. மாப்பிள்ளை அனுபவஸ்தர் ஒருவரிடம் இரண்டு மாதம் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டார்.

ஜனவரியில் வெளிவேலை ஓய்ந்ததும், அக்காள் பெண் அடுக்குமாடிக் கட்டிட நிர்வாகிகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பனி உருகச் சாலையில் போடும் உப்பு, கார்ச் சக்கரத்தோடு வந்து நிலவறைக் கார் நிறுத்துமிடத்தில் படிகிறது. அது கான்கிரீட்டுக்குள் இறங்கினால் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். அதனால் வசந்தத்தில் அதைக் கழுவியாக வேண்டும். அந்த வேலையை ஏப்ரலில் தேடினால் கிடைக்காது. குளிரிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

முடிவு என்ன என்கிறீர்களா? குளிர்கால வரும்படி கோடையில் பாதிகூட வரவில்லை. பிப்ரவரியில் மூன்று வாரம் மாப்பிள்ளை அந்தக் கிடங்கு வேலைக்கும் போனார். அதில் வெட்கம் என்ன? ஆனால் தவணை தவறவில்லை. கிரெடிட் கார்டு அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. யந்திரம் விலை போகவில்லை.

இது ஏதோ பனி பெய்கிற தேசத்துக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் கை கட்டி உட்காரும் பந்தல்காரர் வீடு, மழை வந்தால் சுவரைத் தொட முடியாத பெயிண்டர் வீடு, தீபாவளி போனதும் மெஷின் ஓய்கிற தையற்காரி வீடு, எல்லாம் நம் தெருவிலேயே இல்லையா? உங்கள் வீடே அப்படி ஒன்றாக இருக்கலாம். அப்படியானால், வாடிக்கைக்காரர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘நம்மிடம் என்ன இருக்கிறது’ என்று மட்டும் பார்க்காமல், ‘அந்த மாதத்தில் அவர்களுக்கு என்ன தேவை’ என்று யோசியுங்கள். வேலை நிரம்பி வழிகிற மாதத்திலேயே கேளுங்கள். கை ஓய்ந்த பிறகு கேட்டால் குரலே இறங்கிவிடும்.

போன ஆகஸ்டில் என் அக்காள் பெண் போன் செய்தாள். “என்னடி, அங்கே நல்ல வெயிலா?” என்றேன்.

“சுள்ளென்று அடிக்கிறது, சித்தி. வடாம் போட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றாள் சிரித்துக்கொண்டே. பின்னாலே நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.