வீட்டுத் தோட்டம்: நிழலுக்கு உகந்த இலைச்செடிகள்

மௌலா அலியில் வாழும் நம்மவரில் பலருக்கு மல்லிகை வைக்க வெயில் விழும் இடம் வாய்ப்பதில்லை. மாடிக் குடியிருப்பின் வடக்குத் தாழ்வாரம், படிக்கட்டின் அடி, ரயில்வே குடியிருப்பானால் வேப்பமரத்தின் கீழ் நாலு சதுர அடி, இவ்வளவே. பூவை விட்டு இலையை நாடினால் இவ்விடங்களும் பசுமையுறும்.

முதலில் பருவத்தை அறிய வேண்டும். தஞ்சைப் பக்கத்து வழக்கப்படி ஐப்பசி மழைக்காக இங்கே காத்திருத்தல் கூடாது. ஹைதராபாத்துக்குப் பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது. ஐப்பசியில் நட்டது நன்கு வேரூன்றுமுன் மார்கழிக் குளிர் வந்துவிடும். ஆனி, ஆடியே நடுவதற்குரிய மாதங்கள்.

இலையழகில் கலேடியத்துக்கு ஈடில்லை. தென்னமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்டது. நம் சேம்புக்கு உறவு. குளிர் தொடங்கியதும் இதன் இலைகள் மஞ்சளித்துச் சாய்ந்துவிடும். செடி மாண்டதென்று எண்ணித் தொட்டியைக் குப்பையில் கொட்டுவோர் எத்தனை பேர்! மண்ணுக்குள் கிழங்கு உறங்குகிறது, அவ்வளவே. நீரை நிறுத்தித் தொட்டியை உலர்ந்த மூலையில் வையுங்கள். வைகாசி இறுதியில் மண்ணை மாற்றி நீர் விட்டால் மீண்டும் துளிர்க்கும். பருத்த கிழங்கைப் பிரித்து அண்டை வீட்டாருக்கும் தரலாம்.

குழந்தைகள் உள்ள இல்லத்தார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கலேடியம், டிபென்பேக்கியா, அக்லோனிமா, மணி பிளாண்ட் ஆகியவற்றின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. காறல் கருணையை நறுக்கிய கை அரிப்பதும் இதனாலேயே. தவழும் குழந்தை இலையைக் கடித்தால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். வாயைத் துடைத்துக் குளிர்ந்த நீரோ பாலோ கொடுத்து உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வாந்தியெடுக்கச் செய்ய வேண்டாம். கைக்கு எட்டா உயரத்தில் இவற்றை வைப்பதே முறை. ஐந்து வயது நிரம்பும்வரை டிபென்பேக்கியா வீட்டிலேயே வேண்டாமென்பது என் கருத்து.

மறதியுள்ளோருக்கு மருள் ஏற்றது. முன்னாளில் இதன் நாரால் வில்லுக்கு நாண் திரித்தனர். இரவில் இலைத்துளை திறந்து மூச்சு வாங்கும் இயல்பால் நீர் மிகச் சிறிதே செலவாகும். கோடையில் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் வாடாது. ஆனால் இதையும் பிள்ளைகள் மெல்லலாகாது.

கருங்கற்பாறை உதிர்ந்த இவ்வூர்ச் சரளை மண்ணை, மொரம் என்பார்களே, அதை மட்டும் தொட்டியில் நிரப்பினால் நீர் நில்லாது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு கலந்து, அடித்துளையில் ஓட்டுச் சில்லு வையுங்கள். விரல் நுழைத்துப் பார்த்து, மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் விடுக.

பெரணி ஒன்றுதான் பிடிவாதக்காரி. மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைக் கடக்கையில் வறண்ட காற்று அதன் நுனியைக் கருக்கும். அகன்ற தட்டில் கூழாங்கல் பரப்பி நீரூற்றி, அதன்மேல் தொட்டியை வையுங்கள்; தொட்டியின் அடி நீரில் படக்கூடாது.