குதிரை லாயத்தில் பிறந்த நகைகள்!

அயர்லாந்தில் நகை, ஆடை டிசைன் பற்றிப் பேச்செடுத்தால், கில்கென்னி என்ற சின்ன ஊரின் பெயர் கண்டிப்பாக வந்துவிடும். அதற்குக் காரணம், கசப்பான ஒரு ரிப்போர்ட்!

1961-ல் ஏற்றுமதியை உயர்த்த நினைத்த அயர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து நாடுகளிலிருந்து ஐந்து டிசைன் நிபுணர்களை அழைத்து, ‘எங்கள் பொருள்கள் எப்படி?’ என்று கேட்டது. அவர்கள் பூசி மெழுகவில்லை. டிசைன் கல்வி பலவீனம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

பத்திரிகைகளில் சூடான விவாதம். ஆனாலும் அரசு ரிப்போர்ட்டை மூட்டைகட்டி வைக்கவில்லை. 1960-களில் கில்கென்னி கோட்டையின் பழைய குதிரை லாயத்தை டிசைன் பட்டறைகளாக மாற்றியது. வெள்ளி வேலை, நெசவு, மண்பாண்டம் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை. வெளிநாட்டுக் கலைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். ஜெர்மனியின் பொற்கொல்லர் ருடால்ஃப் ஹெல்ட்செல் அப்படி வந்தவர்தான். பிறகு அதே ஊரில் சொந்தப் பட்டறை போட்டுத் தங்கிவிட்டார்.

1988-ல் அரசுப் பட்டறைகள் மூடப்பட்டன. கைத்தொழில் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. இன்று அந்த லாயத்தில் தேசிய கைவினைக் கேலரி இருக்கிறது. இளைஞர்களுக்கு நகை செய்யக் கற்றுத்தரும் பயிற்சியும் அதே ஊரில் நடக்கிறது.

குறை சொன்னவர்களிடம் கோபப்பட்டிருந்தால், அந்த லாயம் லாயமாகவே இருந்திருக்கும்!