மரத்துப் பூஞ்சைக்கு மருந்து, மனிதப் பூஞ்சைக்கு வசவா?

மழைக்காலத்தில் கித்தா மரத்தின் வெட்டுப்பட்டையில் அழுகல் நோய் பிடிக்கும் என்பது பால்வெட்டும் நம் எல்லோருக்கும் தெரியும். வெட்டிய கோட்டின்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படரும். முறையான தோட்டமானால் உடனே பெரட்டில் உத்தரவு பிறக்கும். அந்த மரங்களில் வெட்டு நிறுத்தப்படும். பட்டைக்கு மருந்து பூசப்படும். கத்தி வழியாக நோய் மறு மரத்துக்குப் போகும் என்பதால் கத்தியையும் மருந்து நீரில் முக்கச் சொல்வார்கள். ஆக மருந்து, ஓய்வு, நோய் வரும் வழியை அடைத்தல் என்று மூன்றும் மரத்துக்குக் கிடைக்கின்றன. எந்த நிர்வாகமும் அதை “அழுக்கு மரம்” என்று திட்டியதில்லை. “சோம்பேறி மரம்” என்று பட்டம் கட்டியதில்லை.

அதே மழையில் அதே மரத்தடியில் நிற்கும் மனிதனின் கால்விரல் இடுக்கிலும் பூஞ்சை பிடிக்கிறது. நனைந்த துணி உரசும் இடுப்பில் படை வட்டமிடுகிறது. அவனுக்குக் கிடைப்பது என்ன? “குளிக்கத் தெரியாதவன்” என்ற வசவும், ஒரு களிம்பு டப்பியும்! மரத்துக்குள்ள மரியாதை மனிதனுக்கு இல்லையா என்று கேட்கிறோம்.

நம் பத்து பாகாட் வட்டாரம் தாழ்ந்த நிலம். பாரிட் சூலோங், பாரிட் ராஜா என்று ஊர்ப் பெயரிலேயே வாய்க்கால் ஓடுகிறது. 2023 மார்ச்சில் வாரக்கணக்கில் வெள்ளத்தில் கிடந்த வட்டாரம் இது. இந்த ஈரத்தில் பூஞ்சை வருவது தொழிலாளியின் குற்றமா?

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அறிந்துகொண்டால் நம்மை எவரும் ஏய்க்க முடியாது. பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. நம் உடம்பின் உயிரணுவில் அது கிடையாது; அதனிடத்தில் இருப்பது கொலஸ்டிரால். கிளோட்ரிமசோல், மைக்கொனசோல், டெர்பினாபின் ஆகிய மருந்துகள் எர்கோஸ்டெரால் உண்டாகாமல் தடுக்கின்றன. சவ்வு பழுதாகிப் பூஞ்சை ஒடுங்குகிறது. நமக்குப் பெருங்கேடு இல்லை. ஆனால் இது ஒரே நாளில் முடிகிற காரியமன்று. கிளோட்ரிமசோல் களிம்பை இரண்டு முதல் நான்கு வாரம் பூசவேண்டும். அரிப்பு நின்றதும் டப்பியை மூடிவைத்தால், தோலுக்குள் மிஞ்சிய பூஞ்சை மறுபடி தலைதூக்கும்.

இதைவிடக் கொடியது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பூசிய மறுநாளே அரிப்பு அடங்கும். “நல்ல மருந்து” என்று தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை. அதை எதிர்க்கும் நம் உடம்பின் காவலைத்தான் அடக்குகிறது. எதிர்ப்பில்லாத பூஞ்சை பரவிக்கொண்டே போகும். இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் டெர்பினாபினுக்கும் அடங்காத படை பெருகியிருக்கிறது. இத்தகைய கலவைக் களிம்புகளைக் கண்டபடி பூசியதும் அதற்கு ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெயர்ச்சீட்டு இல்லாத டப்பியை எந்தக் கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

இனிப் புழுவின் கதையைக் கேளுங்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமான நிழல்மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் கவ்விக்கொள்கிறது. நாம் மரத்தில் பால் வெட்டுகிறோம். அது நம் குடலில் இரத்தம் வெட்டுகிறது! நெக்கேட்டர் என்னும் வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தைப் போக்கும். நூறு புழுவானால் மாதத்துக்கு 90 மில்லிலிட்டர். ஓய்வின்றி வெட்டிய மரம் பட்டுப்போவதுபோல் மனிதனும் வெளுத்து, மூச்சு வாங்கி, காண்டாவைத் தூக்க முடியாமல் நிற்கிறான். அவனைப் பார்த்துத்தான் “சோம்பேறி” என்றார்கள்!

இந்தப் பழிச்சொல் நமக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை உழவர்களை வாட்டிய இதே புழுவுக்கு, 1902-இல் பத்திரிகைகள் “சோம்பல் கிருமி” என்றே பெயர் சூட்டின. சுவிட்சர்லாந்தில் கோத்தார்ட் சுரங்கப்பாதை வெட்டிய தொழிலாளர் வெளுத்துச் சாய்ந்தபோது, 1880-இல் இத்தாலிய அறிஞர் பெரொன்சித்தோ அவர்கள் குடலில் கண்டதும் கொக்கிப்புழுவையே. நம் மலாயாவுக்கும் 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிறுவனத்தின் குழு ஒன்று, டார்லிங் என்ற மருத்துவர் தலைமையில் வந்து, கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. ஆக, தொழிலாளியின் தளர்ச்சிக்கு நோய் காரணம் என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. தெரிந்த பின்னும் ஏசுவது அறியாமையா, வசதியா?

இன்று அல்பெண்டசோல் இருக்கிறது. புழுவின் உடற்கூற்றில் உள்ள டியூபுலின் என்ற புரதத்தை அது பற்றிக்கொள்ளும். புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாது, பட்டினியால் சாகும். 400 மில்லிகிராம் ஒரு வேளை போதும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் பெண்கள் இதை உண்ணலாகாது. புழு செத்தாலும் இழந்த இரத்தம் தானே ஊறிவிடாது. இரத்தம் சோதித்து, தேவையானால் பல வாரம் இரும்புச்சத்து மாத்திரையும் உண்ணவேண்டும்.

ஆனால் மாத்திரை குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். மண்ணில் உள்ளதைக் கொல்லாது. பகாங்கில் மாத்திரை கொடுக்கப்பட்ட ஒராங் அஸ்லிப் பிள்ளைகளில் பெரும்பாலோரை ஆறு மாதத்துக்குள் குடற்புழுக்கள் மறுபடி பிடித்தன. கழிப்பிடமும் நல்ல தண்ணீரும் காலுக்குச் சப்பாத்தும் இல்லாத இடத்தில் மாத்திரை, ஓட்டை மங்கில் பிடித்த பாலாகும்!

எனவே நிர்வாகங்களிடம் கேட்பது பிச்சையன்று. குடியிருப்புக் கொடுக்கும் தோட்ட முதலாளிக்குத் தண்ணீர், மின்சாரம், மருத்துவ வசதி ஆகியவற்றின் பொறுப்பு உண்டு என்பது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கழிப்பிடம் வேண்டும். காய்வதற்கு நேரம் கிடைக்க, மாற்றிப் போட இரண்டு ஜோடி சப்பாத்து வேண்டும். ஈரச் சப்பாத்து புழுவைத் தடுத்தாலும் பூஞ்சையை வளர்க்கும். மருத்துவரைக் காணச் செல்லும் நாளுக்குக் கூலி வேண்டும். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் அதிகம். அவர்களை வரவழைத்த முதலாளியே அதைக் கட்டவேண்டும். புழுவுக்குக் கடவுச்சீட்டு தெரியாது.

கிராணிமார்களே! பாலின் அளவு குறைந்தவனைப் பற்றிப் பேரேட்டில் எழுதுமுன், அவன் முகம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் குறைந்திருப்பது பால். உடம்பில் குறைந்திருப்பது இரத்தமாக இருக்கலாம்.

பால்வெட்டும் தோழர்களே! கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை உண்ணுங்கள், பூசுங்கள். படையை மறைக்காதீர்கள், வெட்கப்படவேண்டியவர் நாம் அல்லர். மரத்துக்குக் கிடைக்கும் மருந்தும் ஓய்வும் காப்பும் மனிதனுக்கும் கிடைக்கும்வரை, சங்கத்தின் வழியே ஒரே குரலாகக் கேட்போம்!