உயிருள்ள மருந்துத் தோணி

தோப்பூரிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்திருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறோம். “உயிருள்ள கலங்களையே மருந்து சுமக்கும் வாகனமாக்கலாம் என்று படித்தேன். உண்மைதானா?” என்பது அவர் வினா. பரீட்சைக்காகக் கேட்கிறார் போலும் என்றெண்ணிப் படித்துவந்த நாம், மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார நேர்ந்தது. அவருடைய தம்பிக்கு ஈமோபீலியா என்னும் குருதி உறையாமை நோய். சுன்னத்துச் செய்த நாளில் நில்லாது பெருகிய குருதிதான் நோயைக் காட்டிக்கொடுத்ததாம். இப்பொழுது பையனுக்கு வயது பதினொன்று. வலது முழங்கால் வீங்கி மடங்க மறுக்கிறது. வீக்கம் கண்டபோதெல்லாம் உம்மா அவனைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கு ஓடுகிறார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் இந்நோய் கண்ட பிள்ளைகள் துறையில் தோணிக்குக் காத்திருந்த பொழுதை நினைத்தால் நமக்கு நெஞ்சு நடுங்குகிறது.

நோய் பழையது. ஏறக்குறைய 1000 ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் தேசத்துக் குர்துபாவில் வாழ்ந்த வைத்திய மேதை அல்-ஸஹ்ராவி, சிறு காயத்திலும் ஆண்மக்கள் குருதி வடிந்து இறக்கும் ஓர் ஊரைப்பற்றி எழுதிவைத்திருக்கிறார். குருதியை உறையச் செய்யும் புரதங்களுள் 8 ஆம் காரணி என்பது இவர்களிடம் இல்லை, அல்லது மிகக் குறைவு. அதை நாளத்தில் ஏற்றலாம். ஆனால் ஏற்றியதில் பாதி ஏறக்குறைய 12 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவேதான் வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஊசி.

வயல் செய்வோர்க்கு இது எளிதில் விளங்கும். வானம் ஒரே நாளிற் கொட்டுகிற மழையால் வேளாண்மை விளையாது. குளத்தில் தேக்கி, மதகைத் திறந்து, வாய்க்கால்வழி வேண்டிய அளவு விடுதல் வேண்டும். உடலுக்குள்ளே அத்தகைய குளம் ஒன்று அமையாதா என்பதே விஞ்ஞானிகளின் ஏக்கம்.

முதலில் அவர்கள் கண்ணிற் பட்டது செங்குழியம். ஏறத்தாழ 120 நாள் உடலெங்கும் சுற்றித்திரியும் இத்தோணியை உடல் அந்நியமென்று விரட்டுவதில்லை. 1973 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் ஈலர் என்பாரும் தோழர்களும் ஒரு வித்தை செய்தனர். உப்புக் குறைந்த நீரிற் செங்குழியங்களை இட்டால் அவை ஊதிப் பெருத்து, தோலில் நுண்டுளைகள் திறக்கும். அவ்வேளை நொதியம் உள்ளே புகும். பின்னர் உப்பைச் சமன்செய்தால் துளைகள் மூடிக்கொள்ளும். சரக்கு ஏறியாயிற்று! உப்புத் தண்ணீரைக் கொண்டு இவ்வளவு செய்யலாமென்று பள்ளியில் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

ஆயினும் தோணியின் ஆயுள் முடிந்தால் சரக்கும் முடிந்தது. சரக்கைத் தானே உண்டாக்கும் தோணி வேண்டும். அந்த வேலை நமக்கு அண்மையில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்திருக்கிறது. வைத்தியர் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் குழுவினரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாருடன் கூடிச் செய்தனர். நோயாளியின் குருதி மூலக்கலங்களை வெளியே எடுத்து, தீங்கு நீக்கப்பட்ட லெந்திவைரசின் துணையால் 8 ஆம் காரணிக்குரிய பரம்பரையலகை அவற்றுட் புகுத்தி, மீண்டும் அவருடலிலேயே செலுத்தினர். அவை என்புமச்சையிற் குடியேறிக் குருதிக்கலங்களைப் பெறும். அவற்றுள்ளும் ஒருவகை வெண்குழியங்களிலேயே அப்பரம்பரையலகு பெரிதும் வேலைசெய்யும்படி ஒரு தூண்டியைச் சேர்த்திருந்தனர். மதகு வைத்த குளம் என்று நாம் சொன்னது இதைத்தான்.

2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று. சிகிச்சை பெற்றவர்கள் 22 முதல் 41 வயதுவரையான ஐவர். சிகிச்சைக்குப் பின் அறிக்கை எழுதப்படும்வரை ஐவரில் ஒருவருக்கேனும் குருதிப்பெருக்கு நேரவில்லை. வைரசு உள்ளே புகுவதை மிகுவிக்கும் பொருளொன்றும் சேர்க்கப்பட்ட மூவரிடம் காரணியின் அளவு இயல்பில் 19 முதல் 40 சதவீதம்வரை எழுந்தது. கடும் நோயாளரிடம் அது 1 சதவீதத்துக்கும் குறைவென்பதை நினைவிற் கொள்க.

தம்பி, இதைப் படித்தவுடன் வேலூருக்குப் பயணச்சீட்டு எடுக்க ஓடாதீர். ஐவர் என்பது ஐவரே. அனைவரும் வளர்ந்தவர்கள். புதிய கலங்களுக்கு இடம் உண்டாக்க, வலிய மருந்துகளால் பழைய மச்சையை முதலில் ஒழிக்க வேண்டியிருந்தது. 7 முதல் 11 நாள்வரை நோயெதிர்க்கும் வெண்குழியங்கள் மிகக் குறைந்து கிடந்தன. புகுத்திய பரம்பரையலகு தகாத இடத்தில் ஒட்டிக்கொண்டால் புற்றுநோய்க்கு வழி திறக்கலாமென்ற அச்சமும் உண்டு. அதைப் பல்லாண்டு கவனித்தே அறிய வேண்டும். உமது தம்பிக்கு இன்று வேண்டியது தவறாத காரணி ஊசியும், முழங்காலுக்கு முறையான பயிற்சியுமே. தோலின்கீழ் ஏற்றி வாரக்கணக்கில் நிற்கும் எமிசிசுமாப் என்ற வேறொரு மருந்தும் இன்றுண்டு. அது கிடைக்குமாவென வைத்தியரைக் கேளும். காய்ச்சல் வலிக்கு அஸ்பிரின் கொடுத்துவிட வேண்டாம்.

நிற்க, உமது கடிதத்தின் கடைசி வரியில், ராத்தாவுக்குச் சென்ற மாதம் ஆண்குழந்தை பிறந்த செய்தியைப் போகிறபோக்கிற் சொல்லியிருக்கிறீர். நம்மை அதிகம் உறுத்தியது அவ்வரிதான். இக்குறையைப் பெரும்பாலும் பெண்கள் சுமக்கிறார்கள், ஆண்கள் அனுபவிக்கிறார்கள். உம்மா சுமப்பவராயின் ராத்தாவும் சுமப்பதற்கு இரண்டிலொரு வாய்ப்பு. ராத்தா சுமப்பவராயின் குழந்தைக்கு நோயிருக்க இரண்டிலொரு வாய்ப்பு. ஆகையால் சுன்னத்துக்கு நாள் குறிக்குமுன் குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, மாமனுக்கு உள்ள நோயைச் சொல்லி, 8 ஆம் காரணியின் அளவைப் பரிசோதிக்கச் சொல்லும். குறை இருப்பினும் காரணியை முன்கூட்டி ஏற்றி, வைத்தியசாலையிலேயே அச்சடங்கைச் செய்விக்க வழியுண்டு. இக்கடிதம் அச்சேறும்வரை காத்திராமல், இதே பதிலைத் தபாலிலும் உமக்கு அனுப்பியிருக்கிறோம்.