மூடிய ஆலையின் மண்ணில் என்ன இருக்கிறது?

ஓர் ஆலை மூடப்படுகிறது. கதவடைப்பு, பேச்சுவார்த்தை, கோர்ட்டு எல்லாம் முடிந்து சில வருஷங்கள் கழித்து இயந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. புகைபோக்கியை இடிக்கிறார்கள். லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நிரவுகிறார்கள். பிறகு மதிலில் பலகை தொங்குகிறது: வீட்டு மனைகள் விற்பனைக்கு! நமது மில் நகரங்களுக்குப் பழகிப்போன காட்சி இது. சென்ட் என்ன விலை, பட்டா சரியா, வில்லங்கம் உண்டா என்றெல்லாம் வாங்குகிறவர் விசாரிக்கிறார். மண் சுத்தமா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. விற்கிறவர் தாமாக வந்து சொல்லப்போவதும் இல்லை.

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதன் பலன் என்ன? உலகமறிந்த உதாரணம் அமெரிக்காவில், நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்து நகரத்தில் இருக்கிறது. 1890களில் லவ் என்ற பெயருடைய ஒருவர் மின்சார உற்பத்திக்கென்று அங்கே கால்வாய் வெட்டத் தொடங்கினார். பணம் கிடைக்கவில்லை, பாதியில் நின்றது. அந்தப் பள்ளத்துக்கு லவ் கால்வாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி 1942 முதல் 1953 வரை தன் ரசாயனக் கழிவைப் பீப்பாய்களில் அடைத்து அந்தப் பள்ளத்தில் தள்ளியது. மொத்தம் ஏறக்குறைய 21,000 டன். மேலே களிமண்ணைப் போட்டு மூடியது. 1953இல் அந்த நிலத்தை நகரத்தின் பள்ளிக்கூட நிர்வாக சபைக்கு விற்றது. விலை ஒரு டாலர்!

முதலாளிக்கு ஏன் இத்தனை தாராளம்? கிரயப் பத்திரத்தைப் படித்தால் தெரியும். நிலத்தில் ரசாயனக் கழிவு புதைந்து கிடக்கிறது, அதனால் யாருக்கேனும் காயமோ மரணமோ நேர்ந்தால் கம்பெனி ஜவாபுதாரி அல்ல என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு டாலருக்குக் கைமாறியது நிலம் மட்டுமல்ல, பொறுப்பும்தான். பள்ளிச் சபைதான் நிலம் கேட்டு நெருக்கியது, நாங்கள் எச்சரிக்கத்தானே செய்தோம் என்று கம்பெனி பிற்காலத்தில் வாதாடியது. சபையின் குற்றத்தை நாம் மறைக்கவில்லை. பத்திரத்தைப் படித்துவிட்டுத்தான் அது கையெழுத்துப் போட்டது. ஆனால் சுற்றிலும் வீடு வாங்கிக் குடிவந்த தொழிலாளிக்கு அந்தப் பத்திரத்தை யார் காட்டினார்கள்?

பள்ளிக்கூடம் எழுந்தது. தெருக்கள் வந்தன. சாக்கடைக் குழாய் போடுகிறோம் என்று, விஷத்தை அடைத்து வைத்திருந்த களிமண் கரையையே வெட்டினார்கள். 1970களின் நடுவில் மழையும் பனியும் கடுமையாக இருந்தன. நிலத்தடி நீர் ஏறியது. வீடுகளின் நிலவறைகளில் துர்நாற்றத்துடன் பிசுக்கு கசிந்தது. மக்கிய பீப்பாய்கள் மண்ணுக்கு மேலே தலைகாட்டின. கருச்சிதைவு, உடற்குறையோடு பிறந்த குழந்தைகள், வலிப்பு என்று வீட்டுக்கு வீடு முறையீடு. லோயிஸ் கிப்ஸ் என்ற தாய், ரசாயன ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி, கதவு கதவாகத் தட்டி நோய்க் கணக்கு எடுத்தார். வீட்டுப் பெண்கள் எடுத்த கணக்கு என்று உத்தியோகஸ்தர்கள் அதை அலட்சியப்படுத்தினார்கள். ஆனால் ஜனங்கள் விடவில்லை. 1978 ஆகஸ்டில் அவசர நிலை பிரகடனமாயிற்று, பள்ளி மூடப்பட்டது, கால்வாயை ஒட்டியிருந்த சுமார் 240 குடும்பங்கள் முதலில் வெளியேற்றப்பட்டன. 1980இல் மறுபடி ஒரு பிரகடனம், இன்னும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். பக்கத்திலேயே சர்க்கார் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த கறுப்பின ஏழைகளைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது. அங்கேயும் அப்படித்தான்!

அந்தப் போராட்டத்தின் விளைவாக 1980 டிசம்பரில் 'சூப்பர்ஃபண்ட்' என்ற சட்டம் பிறந்தது. விஷம் போட்டவனே சுத்தம் செய்யும் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஹூக்கரை வாங்கியிருந்த ஆக்ஸிடென்டல் கம்பெனி 1995இல் 12 கோடியே 90 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு டாலருக்கு விற்ற நிலம்!

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ராணிப்பேட்டைக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த தொழிற்சாலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு குன்றுபோல் அங்கேயே விடப்பட்டது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் வழிகிறது. நிலத்தடி நீரில் கலக்கிறது. ஆறு இணைதிறன் குரோமியம் என்ற இந்த விஷம் தோலைப் புண்ணாக்கும். தூசியாக நெஞ்சுக்குள் போனால் நுரையீரலில் புற்றுநோய் வரும். குரோமிய ஆலைகளில் உழைத்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகிவிடும் என்பதைத் தொழில் நோய் வைத்தியர்கள் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ராணிப்பேட்டையில் குன்று கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் கிடப்பதே பெரிய ஆபத்து. சாதாரணப் பஞ்சாலையில் கூட சாயக்கூடத்தின் கழிவுக் குழி உண்டு. பாய்லர் சாம்பல் கொட்டிய இடம் உண்டு. எண்ணெய்த் தொட்டி, டிரான்ஸ்பார்மர் மேடை, நீராவிக் குழாயில் சுற்றிய கல்நார் எல்லாம் உண்டு. இவை ஒவ்வொன்றும் மண்ணில் எதையாவது விட்டுத்தான் போயிருக்கும். எல்லா மண்ணும் விஷம் என்று நாம் பீதி கிளப்பவில்லை. சோதிக்காமல் சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறோம்.

சோதனை என்பது மேல்மண்ணில் ஒரு பிடி அள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதல்ல. மேலே இருப்பது நேற்று லாரியில் வந்த செம்மண். அது சுத்தமாகத்தான் இருக்கும். முதலில் அந்த இடத்தின் சரித்திரத்தை எழுத வேண்டும்: எந்த வருஷம் எந்தச் சரக்கு, கழிவு எங்கே போயிற்று, எந்தக் குழியை எப்போது மூடினார்கள். அதன்படி இடம் பார்த்துத் துளை போட்டு, பல ஆழங்களில் மண் எடுக்க வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளிலும் தண்ணீர் எடுக்க வேண்டும். விஷம் எது, அது எந்த வழியாகப் போகும், யாரைப் போய்ச் சேரும் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். கிடங்கு கட்டினால் ஓர் அளவுகோல். குழந்தை மண்ணில் விளையாடும் வீட்டுக்கு, கீரைப் பாத்தி போடும் நிலத்துக்கு அதைவிடக் கடுமையான அளவுகோல்.

அந்தச் சரித்திரத்தை யாரிடம் கேட்பது? முதலாளியின் காகிதங்களில் அது இருக்காது. ராத்திரி ஷிப்டில் வண்டி தள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டிய தொழிலாளிக்குத் தெரியும். வாய்க்காலில் நிறம் மாறி வந்த தண்ணீரைப் பார்த்த விவசாயக் கூலிக்குத் தெரியும். அஸ்திவாரம் தோண்ட முதலில் இறங்கப்போவதும், தூசியைச் சுவாசிக்கப்போவதும் இவர்களுடைய பிள்ளைகள்தான்.

2025 ஜூலையில் மத்திய சர்க்கார் மாசடைந்த இடங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. போபால் நடந்து 40 வருஷங்களுக்குப் பிறகு! சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஜில்லா நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், மாநில வாரியம் 90 நாட்களில் ஆரம்பப் பரிசீலனை செய்ய வேண்டும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன விதிகள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்தபடி எழுதும் பட்டியலில் மூடிய மில்லின் குழி இடம் பெறுமா?

நமது தொழிலாளர்களிடையே ஒரு நியாயமான அச்சம் உண்டு. நிலம் விற்றால்தான் கிராஜுவிட்டியும் சம்பளப் பாக்கியும் கைக்கு வரும். மண் சோதனை என்று கிளம்பினால் அதுவும் தடைப்படுமே என்கிறார்கள். வருஷக் கணக்கில் காத்திருப்பவரின் வயிற்றெரிச்சலை நாம் அறிவோம். ஆனால் மண் சோதனை மாதக் கணக்கில் முடியக்கூடிய வேலை. பாக்கியை இழுத்தடிப்பது சோதனை அல்ல, முதலாளியும் பாங்குகளும் நடத்தும் வழக்குகள். ஆலை கலைப்புக்குப் போனால், கடைசி 24 மாதத் தொழிலாளர் பாக்கி ஈடு பெற்ற பாங்குகளோடு சம வரிசையில் நிற்கும் என்று 2016ஆம் வருஷத் திவால் சட்டமே சொல்கிறது. சுத்தம் செய்யும் செலவைத் தொழிலாளியின் பங்கில் பிடிக்க இடம் கொடுக்கக் கூடாது. அது முதலாளியின் தனிக் கடன்.

சோதனை முடிவைத் தமிழில் அச்சிட்டு ஆலை வாசலிலும் நகராட்சி ஆபீசிலும் ஒட்டும் வரை எந்த மூடிய ஆலை நிலத்துக்கும் மனைப் பிரிவு அனுமதி கொடுக்கக் கூடாது என்று கோருகிறோம். சங்கங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சாயக்கூடத்திலும் பாய்லரிலும் வேலை பார்த்த முதியவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை இந்த மாதமே கூட்டி உட்காரவைத்து, எங்கே எது புதைந்தது என்று வரைபடத்தோடு எழுதுங்கள். ஒரு பிரதியைக் கலெக்டருக்கும் ஒரு பிரதியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.