கையளித்தலும் கைகழுவுதலும்

"எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டோம்" என்று சொல்வது நமக்கு எளிது. குடியினின்று மீளத் துடிக்கும் சகோதரனுக்கும் இதையே அறிவுரையாக வழங்குகிறோம். செபம் இருக்க மருத்துவம் எதற்கு என்றும் கேட்கிறோம். இது கையளித்தல் அன்று, கைகழுவுதல். பிலாத்துவும் இதைத்தான் செய்தான்.

டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட்டை (1856–1925) எண்ணிப் பார்ப்போம். சிறுவயதிலேயே குடிக்கு அடிமையான அவர், 1884-இல் அதைக் கைவிடுவதாக வாக்களித்தார். முதலில் மூன்று மாதங்களுக்கு. பின்னர் ஆறு மாதங்களுக்கு. அதன்பின் வாழ்நாள் முழுமைக்கும். நாள்தோறும் திருப்பலி கண்டார். அதே வேளையில், சோதனைக்கு இடம் தராதிருக்கச் சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதையும் நிறுத்தினார். பழைய கடன்களைத் தேடிச்சென்று அடைத்தார். தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்த ஒருவரின் வயலினை முன்பு திருடிக் குடித்திருந்தார். அவரைத் தேடியும் காணாதபோது, அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் பணம் தந்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

இறைவனை முழுமையாக நம்பிய அவர், தம் கடமையில் ஒன்றையேனும் இறைவன்மேல் சுமத்தவில்லை. நாம் கையளிக்க வேண்டியது நமது பிடிவாதத்தை, பொறுப்பை அன்று. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், வலிப்பு கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது விசுவாசக் குறைவாகுமா? அதுவும் இறைப்பராமரிப்பின் வழியே.

கெத்சமனியில் தந்தையின் திருவுளத்துக்குத் தம்மைக் கையளித்த இயேசு, எழுந்து சிலுவையை நோக்கி நடந்தார். உறங்கிக் கிடந்தவர்கள் சீடர்களே. நமது உறக்கத்துக்குச் சரணாகதி என்று பெயர் சூட்டுவதை இனியேனும் நிறுத்துவோம்.