பூட்டும் காவலும்

கணினி என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே, அது பொறியியற் பீடத்தார் கவனிக்க வேண்டிய விடயம் என்று ஒதுங்கிக்கொள்ளும் மனப்பாங்கு கலைப்பீடங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. வரலாறு பயில்வோரும் மொழி பயில்வோரும் சட்டம் பயில்வோரும் தத்தம் ஏடுகளோடு அமைதி காண்கின்றனர். ஆனால் அவ்வேடுகள் இன்று எங்கே இருக்கின்றன? வர்த்தமானி, காணிப் பதிவு, பிறப்புப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு ஆகிய யாவும் காகிதத்தை விட்டு மெல்லமெல்லக் கணினிக் கோப்புகளாகிக்கொண்டிருக்கின்றன. காகிதத்தில் ஓர் எழுத்தைச் சுரண்டினால் சுரண்டிய தடம் எஞ்சும். மையின் நிறம் காட்டிக்கொடுக்கும். கணினிக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் பழைய எண் இருந்த சுவடே இராது. ஆதலால், ஒரு கோப்பு மாறியதா, எப்போது மாறியது, யாரால் மாறியது என்னும் வினாக்கள் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரியவை என்பது ஏற்கத்தக்கதன்று. ஆவணத்தை நம்பி வாழும் எவருக்கும் அவை உரியவை.

இவ்வினாக்களுக்கு அதிகாரிகளிடமிருந்து வழக்கமாகக் கிடைக்கும் விடை, "கடவுச்சொல் இருக்கிறது, பாதுகாப்பு அரண் இருக்கிறது" என்பதாகும். இது பூட்டைப் பற்றிய விடை. கேட்கப்பட்டதோ காவலைப் பற்றி.

பூட்டுக்கும் காவலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொறிக்கல்முனை வயற்காரருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து கிட்டங்கியைக் கடந்து மேற்கே சென்றால், திருச்சிலுவை ஆலயத்தால் பெயர்பெற்ற அவ்வூரைச் சூழ வயல்வெளியே விரிந்து கிடக்கிறது. வேளாண்மை கதிர்தள்ளிய பின்னர் வேலி அடைத்தாயிற்று என்று வீட்டில் உறங்கும் கமக்காரன் எவனும் அங்கு இலன். வேலி பன்றியைத் தாமதப்படுத்தும். யானையைத் தாமதப்படுத்தவும் மாட்டாது. ஆகவே பரண் கட்டுகிறார்கள். காவலுக்கும் இரு முறைகள் உண்டு. ஒன்று, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ரோச் லைற்றுடன் வரம்பைச் சுற்றி வருவது. மற்றையது, கயிற்றில் தகரப் பேணிகளைக் கோத்துக் கட்டிவிட்டு, ஓசை கேட்டால் எழுந்து ஓடுவது.

கணினி நிரல்கள் கோப்புகளையும் அவை அடங்கிய கோப்பகங்களையும் கண்காணிக்கும் முறைகளும் இவையே. முதல்முறையில், நிரல் இத்தனை விநாடிக்கு ஒருமுறை சென்று ஒவ்வொரு கோப்பின் அளவையும் இறுதியாக மாற்றப்பட்ட நேரத்தையும் பார்த்து, முன்னர் குறித்துவைத்ததோடு ஒப்பிடும். எளிய முறை, எங்கும் செல்லுபடியாகும். ஆனால் இரு சுற்றுகளுக்கு இடையில் வந்து மேய்ந்துவிட்டுப் போன மாட்டை அது அறியாது. கோப்புகள் இலட்சக்கணக்கில் பெருகினால் சுற்றிவருவதிலேயே கணினியின் வலு தீர்ந்துவிடும். இவற்றுக்கும் மேலாக, மாற்றப்பட்ட நேரம் என்னும் அந்தக் குறிப்பே மாற்றத்தக்கது. நேற்றுத் திருத்திய கோப்புக்குப் போன ஆண்டுத் திகதியை இடச் சாதாரண கட்டளை ஒன்றே போதும்.

இரண்டாவது முறையில், இயக்குதளத்தின் கருவே தகரப் பேணியாகிறது. லினக்ஸ் இயக்குதளத்தில் 2005ஆம் ஆண்டு 2.6.13ஆம் பதிப்போடு சேர்க்கப்பட்ட ‘ஐநோட்டிஃபை’ என்னும் வசதி இத்தகையது. ஒரு கோப்பகத்தின்மீது காவல் வைத்துவிட்டால், அதனுள் கோப்பு உருவாகுதல், திருத்தப்படுதல், பெயர் மாறுதல், அழிதல் ஆகிய ஒவ்வொன்றையும் கருவே நிரலுக்கு அறிவிக்கும். விண்டோஸ், மக் கணினிகளிலும் இதையொத்த வசதிகள் உள. இவ்வறிவிப்பைக் கேட்டறிந்தோர் பெரும்பாலும் இத்துடன் சிக்கல் தீர்ந்தது என எண்ணுவர். தீரவில்லை. ஐநோட்டிஃபை ஒரு கோப்பகத்தைக் காக்குமேயன்றி அதனுள் அடங்கிய உட்கோப்பகங்களைத் தானாகக் காவாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காவல் வைத்தல் வேண்டும். புதிய உட்கோப்பகம் ஒன்று உருவாகி, அதற்குக் காவல் வைக்கப்படுவதற்கு முன்பே அதனுள் ஒரு கோப்பு நுழைந்துவிட்டால் அது காவலர் கண்ணிற்படாது. நிகழ்வுகள் வெள்ளமெனப் பெருகும்போது அறிவிப்பு வரிசை நிரம்பி வழியும். அவ்வேளை "சில செய்திகள் தவறிவிட்டன" என்னும் செய்தி மட்டுமே கிட்டும். எவை தவறின என்பது தெரியாது. யாவற்றிலும் முக்கியமானது, கோப்பு மாறியது என்று சொல்லும் இக்காவலன் யார் மாற்றினார் என்று சொல்வதில்லை. அதைச் சொல்ல வேறு வசதிகள் பின்னர் உருவாக்கப்பட்டன. நிறுவனங்கள் கருவி வாங்கும்போது இந்த வேறுபாட்டைக் கேட்டறிகின்றனவா என்பது வேறு கதை.

மூன்றாவது முறையொன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் நோக்குக்கு மிக நெருங்கியது. 1992இல் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம் என்னும் மாணவரும் அவருடைய பேராசிரியர் யூஜின் ஸ்பாஃபோர்டும் ‘ட்ரிப்வயர்’ என்னும் நிரலை எழுதி வெளியிட்டனர். எழுதியவருள் ஒருவர் மாணவர் என்பதைப் பல்கலைக்கழக வாசகர் கவனித்தல் நன்று. ஒவ்வொரு கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் கணிதச் செயன்முறை ஒன்றுக்கு உட்படுத்திப் பெறும் சுருக்க எண்ணை, அக்கோப்பின் கைரேகையாகக் கொள்வதே அதன் அடிப்படை. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினும் கைரேகை முற்றாக மாறிவிடும். நேரக் குறிப்பைப் பொய்யாக்கலாம். தகுந்த செயன்முறையால் பெற்ற கைரேகையைப் பொய்யாக்குதல் நடைமுறையில் இயலாது. முதலில் எல்லாக் கோப்புகளின் கைரேகைகளையும் பதிந்து, பின்னர் அவ்வப்போது மீளக் கணித்து ஒப்பிட்டால் எது மாறியது என்பது வெளிப்படும்.

ஆனால் அந்த முதற்பதிவு எங்கே வைக்கப்பட்டுள்ளது? அதே கணினியில், அதே அதிகாரியின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால், கோப்பை மாற்றுபவன் கைரேகைப் பதிவையும் மாற்றிவிட்டுப் போவான். ஆதலின் அதனை எழுதவியலா ஊடகத்தில், வேறிடத்தில் வைக்குமாறு ட்ரிப்வயரை ஆக்கியோரே அறிவுறுத்தினர். பிறிதொன்றும் உண்டு. திரிபு நிகழ்ந்த பின்னர் முதற்பதிவு எடுக்கப்பட்டால், கருவி அத்திரிபையே மெய்யெனக் கொண்டு காக்கும். எந்த நிலையை உண்மையென ஒப்புக்கொண்டு தொடங்குவது என்பதைக் கணிதம் தீர்மானிக்காது; சமூகமே தீர்மானிக்க வேண்டும்.

இலங்கையின் அண்மைக்கால அனுபவம் இங்கு நினைவுகூரத்தக்கது. 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துள் புகுந்து, உயர்தரப் பரீட்சைத் திகதியை மாற்றுமாறு கோரிக்கை எழுதிவைத்ததாகப் பதினேழு வயது மாணவன் ஒருவன் கைதானான். நாடு சிரித்தது. உண்மையில் அது தீங்கு குறைந்த வகை. எழுதியவன் எல்லோரும் காணவேண்டும் என்றே எழுதினான். 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறைப்படுத்தல் அதிகாரசபையின் தரவுகள் லங்கா அரசாங்க மேகக் கணினித் தொகுதியிலிருந்து அழிந்துபோயின. விடயம் அடுத்து வந்த மாதங்களில் நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஓகஸ்டு 26 அளவில் அதே மேகக் கணினித் தொகுதியின்மீது கப்பமென்பொருள் தாக்குதல் நிகழ்ந்தது. ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் கணக்குகள் பாதிப்புற்றன. இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே முடக்கப்பட்டமையால், மே 17 முதல் ஓகஸ்டு 26 வரையான கடிதப் போக்குவரத்து மீளவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று.

இந்நிகழ்வுகளைக் கண்டபின்னர் பலரும் உச்சரிக்கும் சொல் ‘மாற்றுப் பிரதி’ என்பதாகும். பிரதி இருந்தால் போதும் என்கின்றனர். பிரதி வேண்டும், ஐயமில்லை. ஆயினும் அது அழிவுக்கு மருந்தாகுமே தவிரத் திரிபுக்கு ஆகாது. கோப்பில் ஒரு பெயர் கள்ளத்தனமாக மாற்றப்பட்டால், அன்றிரவு எடுக்கப்படும் பிரதி அந்தக் கள்ளப் பெயரையே விசுவாசத்துடன் படியெடுக்கும். நாளடைவில் நல்ல பிரதிகள் காலாவதியாகிக் கழிக்கப்பட, எஞ்சுவன யாவும் பொய்ப் பிரதிகளாகும். திரிபு எந்த நாளில் நிகழ்ந்தது என்று அறியாதவன் எந்த நாளின் பிரதிக்கு மீள்வான்?

கலைப்பீடத்தார் இவ்விடத்தில் வாளாவிருத்தல் வியப்புக்குரியது. ஏனெனில் இத்துறையின் மூத்த கலைஞர் அவர்களுடைய முன்னோரே. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் செய்த பணி யாது? ஊரூராய்ச் சென்று ஏடுகளைத் திரட்டி, ஏட்டோடு ஏட்டை வைத்து ஒப்பிட்டு, எவ்வெழுத்து ஏடெழுதியோன் பிழை, எவ்வடி இடைச்செருகல் எனத் தேர்ந்தமையே. அத்தேர்வு கைகூடியதற்குக் காரணம் ஏடுகள் ஒரே கையில் இராமல் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் சிதறிக் கிடந்தமையாகும். ஒரே ஓர் ஏடு, அதுவும் அரசன் பெட்டகத்தில் மட்டும் இருந்திருப்பின், பாடபேதம் என்ற சொல்லுக்கே வேலை இருந்திராது. ட்ரிப்வயர் செய்வதும் பாடபேதம் காண்பதே. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானமும் கற்று யாழ் நூலும் இயற்றிய மண்ணிலிருந்து வருவோர், இரண்டையும் இருவேறு பீடங்களாகப் பிரித்துவைத்துப் பெருமை கொள்வது அவருக்கும் அழகன்று.

அம்பாறைக் கரையோரத்துக்கு இவ்விடயம் வயிற்றுப்பாட்டு விடயமுமாகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் காவுகொண்டது அம்மாவட்டத்திலேதான். இறந்தோர் 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதிலும் உயிர் தப்பியோர் பலரிடம் உறுதியும் இல்லை, பிறப்பத்தாட்சிப் பத்திரமும் இல்லை. வீட்டுப் பிரதியை இழந்தவனுக்கு அலுவலகப் பதிவே கதி. அந்தப் பதிவு மாறினால் அவனிடம் ஒப்பிட்டுக் காட்ட வேறு ஏடில்லை. அப்பேரிடரின்போது இலங்கை மென்பொருளாளரே ‘சஹானா’ என்னும் திறந்த மூல நிரலை ஆக்கிக் காணாமற் போனோரையும் முகாம்களையும் பதியத் துணைநின்றனர் என்பதும் நினைக்கத்தக்கது; ஆற்றல் இந்நாட்டில் இல்லை என்று எவரும் சாக்குக் கூறவியலாது.

சட்டமும் இதனை அறியாததன்று. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணிக்காரர் ஒருவர் ‘கேவியற்’ ஒன்றைப் பதிவாளரிடம் இடலாம். இட்டபின், அக்காணியைப் பாதிக்கும் எந்த உறுதி பதிவுக்கு வந்தாலும் அவருக்கு அறிவித்தல் அனுப்பப்பட வேண்டும். லினக்ஸ் கருவில் ஐநோட்டிஃபை சேர்வதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே காணிப் பதிவகத்தில் தகரப் பேணி கட்ட வழியிருந்தது! அந்த உரிமையை அறிந்து பயன்படுத்துவோர் வசதி படைத்தோரும் சட்டத்தரணியை நாடக்கூடியோருமே. பதிவுகள் கணினிமயமாகும் இந்நாளில், அதே அறிவித்தலை ஒவ்வொரு காணிக்காரரின் கைத்தொலைபேசிக்கும் அனுப்புவது தொழில்நுட்பத்தில் மிக எளிது. எளிதானதைப் பொதுவுரிமையாக்கத் தயங்குவது அதிகார வர்க்கத்தின் பழைய இயல்பு.

கல்முனைப் பிரதேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் நிர்வாக எல்லை பற்றி முரண்பட்டு நிற்கின்றனர். 2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதமே நடந்தது. எல்லை எவ்வாறு அமையவேண்டும் என்பதில் இரு சாராரும் உடன்படாதிருக்கலாம். ஆனால் மேசையில் வைக்கப்படும் வரைபடமும் குடிசனப் பட்டியலும் நேற்று இருந்தவாறே இன்றும் உள்ளனவா என்று அறியும் தேவை இருவருக்கும் சமமானது. பட்டியலை நம்பாத இரு சமூகங்கள் ஒன்றையொன்றும் நம்பா.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. கண்காணிப்பு என்ற சொல்லே வடக்குக் கிழக்கு மக்களுக்குக் கசப்பானது. சோதனைச் சாவடியும் பெயர்ப் பதிவும் கண்டவர்கள் மேலும் ஒரு கண்காணிப்பைக் கேட்பதா என்பர். இக்கசப்பு நியாயமானதே. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் குடிமக்களின் பேச்சைக் கண்காணிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியபோது நாடெங்கும் எழுந்த எதிர்ப்பும் நியாயமானதே. இங்கு வேண்டப்படுவது நேர்மாறான திசையில் அமைந்தது. அரசு குடிமகனைப் பார்ப்பதற்குப் பதிலாக, அரசின் கோப்பைக் குடிமகன் பார்ப்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கோப்பைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தந்தது. கேட்டுப் பெற்றது தொடக்கத்தில் இருந்த அதே கோப்புத்தானா என்று சரிபார்க்கும் வழியை அச்சட்டத்தால் தரவியலவில்லை. அவ்வழி இல்லாதவிடத்து, தகவலறியும் உரிமை கொடுப்பவனின் நாணயத்தை நம்பியிருக்கும் உரிமையாகவே நின்றுவிடுகிறது.

வழி அரிதன்று. ஸ்ருவேட் ஹேபர், ஸ்கொற் ஸ்ரோர்னெற்றா என்னும் இருவர் 1991இல் ஆய்வுரையாக முன்வைத்த முறையின்படி, அவர்கள் சார்ந்த நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் ஆவணங்களின் ஒட்டுமொத்தக் கைரேகை எண்ணை ‘நியூயோர்க் ரைம்ஸ்’ நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டு வந்தது. ஆவணம் எதன் உள்ளடக்கமும் அவ்வெண்ணால் வெளிப்படாது. ஆனால் எந்த ஆவணத்தைப் பின்னர் திருத்தினாலும் அச்சிட்ட எண்ணோடு அது முரண்படும். உலகெங்கும் வாசகர் வீடுகளிற் கிடக்கும் நாளிதழ்ப் பிரதிகள் அனைத்தையும் தேடித் திருத்த எந்த வல்லமைக்கும் இயலாது. தாமோதரம்பிள்ளைக்கு உதவிய சிதறிய ஏடுகளின் தத்துவம் இங்கும் தொழிற்படுகிறது.

கல்முனைக் காணிப் பதிவகத்தின் ஒரு நாட் பதிவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஓர் எண். வர்த்தமானியின் மும்மொழிப் பதிப்புகளுக்கு ஒவ்வோர் எண். பரீட்சைப் பெறுபேற்றுக் கோப்புக்கு ஓர் எண். வீரகேசரியிலோ தினகரனிலோ நாளொன்றுக்கு நான்கு வரி இடம் போதும். பல்கலைக்கழகங்கள் தம் பெறுபேற்றுப் பதிவுகளிலிருந்தே இதனைத் தொடங்கலாம். பட்டமளிப்பு விழா மலரின் கடைசிப் பக்கத்தில் அவ்வெண்ணை அச்சிட எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை.